கோட்டை தேவாலயத்தை அண்ணாந்து பார்ப்பது எப்படி

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் சர்ச்சுக்குப் போகிறவர்கள், ராபர்ட் கிளைவ் 1753-ல் கல்யாணம் செய்துகொண்ட இடம் என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் குடும்பம் அப்பா காலத்திலிருந்து கொத்து வேலை பார்க்கிறது. ஒரு தடவை நான் சொல்கிறபடி பாருங்கள்.

உள்ளேயே தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

சர்ச்சுக்குள் நுழைந்ததும் முதலில் அண்ணாந்து பாருங்கள். கூரையில் ஒரு உத்தரம், ஒரு மரச்சட்டம் கிடையாது. எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி மூன்று வளைவுகள் நீளவாக்கில் ஓடும். கனம் 2 அடி! 1678-ல் தொடங்கி 1680-ல் முடித்த வேலை இது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும், தீயும் பிடிக்கக் கூடாது என்றே மரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் சன்னல் ஓரம் நின்று சுவரின் கனத்தைக் கையால் அளந்து பாருங்கள். வெளிச்சுவர் 4 அடி, அதாவது மூன்று முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வளைவு கீழே அமுக்குவதோடு நிற்காது, பக்கவாட்டிலும் தள்ளும். நடு வளைவின் தள்ளலை இரண்டு பக்க வளைவுகளும் வாங்கிக்கொள்கின்றன, அவற்றின் தள்ளலை இந்தச் சுவர் வாங்குகிறது. கம்பி இல்லாத காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றும். கோபுரம் பிற்பாடு சேர்த்தது, அதை வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே வந்தால் குனிந்து நடங்கள். தரையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள். முதலில் இவை கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி வந்த பக்கத்து இடுகாட்டில் இருந்தன. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளுக்குப் பின்னால் பதுங்கிச் சண்டை போட்டது. அதனால் முற்றுகை முடிந்ததும் சமாதிகளை இடித்துவிட்டுக் கற்களை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். லத்தீன், போர்த்துகீசிய எழுத்தெல்லாம் உண்டு. 1652 என்று ஆண்டு வெட்டிய கல்லும் இருக்கிறது.

உச்சி வெயிலில் இவற்றைப் படிக்க முடியாது. காலையில் போங்கள். சாய்ந்த வெளிச்சம் பட்டால் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து பெயர் தெரியும். தயவுசெய்து சாக்பீஸ் தேய்க்காதீர்கள்.