கத்திக்கொண்டே இருந்த அப்பா கதாபாத்திரத்தைச் சரிசெய்த விதம்

என் திரைக்கதையின் மூன்றாவது டிராஃப்ட் வரை அந்த அப்பா வெறும் கத்தலாகவே இருந்தார். முதலில் பார்த்தது தப்பான வைத்தியம்: 60-ஆம் பக்கத்தில் சோகமான பால்யத்துக்கு ஒரு ஃபிளாஷ்பேக். அது காரணம் சொன்னதே தவிர ஆளைக் காட்டவில்லை. நாய்க்குட்டிக்கு பிஸ்கட் போடும் காட்சியும் அதே ரகம்தான். கொடுமையும் கனிவும் தனித்தனிக் காட்சியில் இருந்தால் ஒன்றையொன்று உரசாது.

இரண்டையும் ஒரே செயலுக்குள் வைத்ததும்தான் ஆள் அசைந்தார். மகன் வேலையை விட்டு வந்த இரவு. அப்பா திட்டுகிறார், கை மட்டும் மகனின் அறுந்த செருப்பைத் தைக்கிறது. ஊசி குத்தி ரத்தம் வருகிறது. திட்டும் நிற்கவில்லை, தையலும் நிற்கவில்லை. வசனத்தில் ஒரு வரிகூடக் கூட்டவில்லை.

கொடுமை, கனிவு இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே அது, மகனும் தன்னைப் போலத் தோற்றுவிடுவானோ என்ற பயம். வேர் இல்லாத முரண், எழுதியவரின் மறதி போலத் தெரியும்.

"அவருக்கு உள்ளுக்குள்ள பாசம்டா" என்று அம்மா சொல்வதை வெட்டியே ஆக வேண்டும். திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்ற கணக்கில், முதல் முரண் 10-ஆம் பக்கத்துக்குள் வந்துவிடட்டும். தாமதித்தால் பார்ப்பவர்கள் அதை மனமாற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டு முரண் போதும். (மூன்றாவது வந்தால் நடிகர் எல்லாவற்றையும் பாதி பாதியாகச் செய்வார்.)

கடைசியில் அப்பா மன்னிப்புக் கேட்கும் காட்சியையும் எடுத்துவிட்டேன். தைத்த செருப்பு வாசலில் கிடக்கிறது; மகன் வெறுங்காலோடு போகிறான்.