சொந்தச் செலவில் வந்த புத்தகமும் நம் ஊர் மதிப்புரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். மேடையில் இருப்பவர்களில் புத்தகத்தை முழுதாகப் படித்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பார். மற்றவர்கள் எழுதியவரைப் பற்றிப் பேசுவார்கள்: எந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார், எவ்வளவு எளிமையானவர், பிள்ளைகள் எங்கே வேலை பார்க்கிறார்கள். பொன்னாடை, போட்டோ, டீ. மறுநாள் முகநூலில் "அருமையான நூல், அனைவரும் வாசிக்க வேண்டும்" என்று நாலைந்து பதிவுகள் வரும். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

பதிப்பகம் இல்லாமல் தானே அச்சடித்தோ அமேசானின் கிண்டிலில் மின்னூலாக ஏற்றியோ வெளியிடுபவருக்கு விளம்பரமும் கிடையாது, விநியோகமும் கிடையாது. வாசகர் எழுதும் நாலு வரிதான் அவருக்கு எல்லாம். அந்த நாலு வரியும் ஆளைப் பற்றியே இருந்தால் கோயம்புத்தூரில் இருக்கும் வாசகருக்கு அதனால் என்ன பயன்? எல்லாரும் எல்லாருக்கும் உறவோ, கூடப் படித்தவரோ, ஒரே சபைக்காரரோ ஆக இருக்கும் சின்ன மாவட்டம் இது. ஆளை விட்டு நூலைப் பேசுவது இங்கே கொஞ்சம் கஷ்டம்தான். மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

இப்படிப்பட்ட நூல்களைத் தேடுவதில் நடக்கும் தவறு, பெரிய பதிப்பக அரங்குகளோடு நின்றுவிடுவது. மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாவில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கென்று ஒரு மேசை போட்டிருந்தால், பலர் அதைப் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். "சொந்தச் செலவில் போட்டதுதானே" என்ற இளக்காரம். 1908இல் பாரதி தன் பாட்டுப் புத்தகத்தைத் தானேதான் வெளியிட்டார். இதற்கு நேர் எதிரான மயக்கமும் உண்டு. பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் தரமான நூல் என்று நம்புவது. அந்த எண் இந்தியாவில் கட்டணம் இல்லாமலே கிடைக்கிறது, தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். நூலை அடையாளம் காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. அணிந்துரையும் அப்படித்தான், அது கேட்டு வாங்கியது. வாங்கலாமா என்று தெரிய, நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் படியுங்கள். முதல் அத்தியாயத்தை எல்லாரும் இழைத்து இழைத்துத்தான் எழுதுவார்கள்.

வகை எதுவானாலும் ஒரே அளவுகோலை வைப்பது அடுத்த தவறு. துப்பறியும் நாவலில் "மொழி கவித்துவமாக இல்லை" என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயங்களை ஆசிரியர் வாசகர் கண்ணில் காட்டினாரா, கடைசிப் பத்துப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆளை இறக்கினாரா? (கொலை செய்தது யார் என்பதை மதிப்புரையிலேயே போட்டு உடைப்பவர்களை என்ன சொல்வது!) சிறுவர் கதையை அந்த வயதுப் பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் எடை போட முடியாது. குடும்ப நாவலைப் படிக்கவே பிடிக்காதவர் அதற்கு மதிப்புரை எழுதாமல் இருப்பதே உதவி.

நம் மாவட்டத்தில் தனியாக வெளியிடப்படும் நூல்களில் ஊர் வரலாறும் குடும்ப வரலாறும் நிறைய. இங்கேதான் மதிப்புரையாளர் மிகவும் தூங்கிவிடுகிறார். "அரிய தகவல்கள்" என்று எழுதிவிட்டால் போதாது, அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கல்வெட்டா, ஆவணமா, தாத்தா சொன்னதா? தாத்தா சொன்னதும் வேண்டியதுதான், ஆனால் அது தாத்தா சொன்னது என்று நூலில் இருக்க வேண்டும். இன்னொன்று, ஆவணியில் தொடங்கும் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டு. பழைய திருவிதாங்கூர் பத்திரங்களில் அதுதான் இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை கொல்லம் ஆண்டோடு 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும்வரை 825. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956 நவம்பர் 1, கொல்லம் 1132 ஐப்பசி. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் சில நிகழ்வுகள் ஓராண்டு தள்ளிப் போய்விடும். நூலிலுள்ள இரண்டு மூன்று தேதிகளை இப்படிச் சோதித்துப் பார்த்தாலே ஆசிரியரின் கவனம் தெரிந்துவிடும்.

பெரிய எழுத்தாளர்களோடு ஒப்பிட்டுத் தலைக்கு மேல் பாரம் ஏற்றுவது இன்னொரு பழக்கம். நாகர்கோவிலில் இருந்து ஒருவர் முதல் சிறுகதைத் தொகுப்பு போட்டால் உடனே சுந்தர ராமசாமி. கடற்கரைக் கிராமத்தை எழுதினால் தோப்பில் முஹம்மது மீரான். விளவங்கோட்டிலிருந்து ஒரு முதல் நாவல் வந்திருக்கிறது என்றால் அதில் என்ன இருக்கிறது என்று சொன்னாலே போதும். அதற்கு ஒரு வழி, நூலிலிருந்தே மூன்று நான்கு வரிகளைப் பக்க எண்ணோடு எடுத்துப் போடுவது. கதைச் சுருக்கம் இரண்டு பத்திக்குப் போனால் அது மதிப்புரை இல்லை, நோட்ஸ்.

பிழைகளைக் கையாள்வதில் நிதானம் வேண்டும். பாத்திரம் "எனக்க வீடு", "ஓர்மை இல்ல" என்று பேசினால் அது இந்தப் பக்கத்துப் பேச்சு, எழுத்துப்பிழை என்று பட்டியலிட வேண்டியதில்லை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது ஒரு வகை. ஒரே ஆளுக்கு முதலில் ஒரு பெயர், பிறகு வேறு பெயர் என்பது இன்னொரு வகை. முன்னது கோப்பின் கோளாறு, பின்னதற்கு ஆசிரியர்தான் பொறுப்பு. கோப்பின் பிழைகளைத் தொகுத்து ஆசிரியருக்குத் தனியாக அனுப்பலாம். மின்னூலில் திருத்திய கோப்பை மறுபடி ஏற்றிவிட முடியும். அதனால் எந்த மாதம் வாங்கிய பிரதியைப் படித்தீர்கள் என்று மதிப்புரையில் ஒரு வரி போட்டுவிடுவது நியாயம்.

புத்தகம் இலவசமாக வந்ததா? சொல்லிவிடுங்கள். எழுதியவர் மைத்துனரா? அப்படியானால் அமேசானில் எழுதவே கூடாது. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரையை அது அனுமதிப்பதில்லை, காசு வாங்கிக்கொண்டு எழுதுவதையும் அனுமதிப்பதில்லை. இலவசப் பிரதி வாங்குவது தவறில்லை, ஆனால் அதற்குப் பதிலாக மதிப்புரை எழுதியே தீர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடாது. வெளியான அன்றே இருபது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டால் அந்நியர் ஒருவரும் அதை நம்புவதில்லை. மூன்று நட்சத்திரம் கொடுத்து, எங்கே ஈர்த்தது, எங்கே தொய்ந்தது என்று காரணம் சொன்னால் கூடுதல் பிரதி விற்கும்.

"பிடிஎஃப் இருக்கா அண்ணே?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதையும், ஆசிரியர் நம்பி அனுப்பிய கோப்பைக் குழுவில் தள்ளிவிடுவதையும் பற்றித் தனியாக விளக்க வேண்டுமா என்ன!

விலை, பக்கம், கிடைக்கும் இடம் ஆகியவற்றை எழுத மறந்துவிடுகிறோம். இந்த மாதிரி நூல்கள் கடைகளில் அரிதாகவே இருக்கும். நிறையப் பேர் பின்னட்டையில் தங்கள் கைபேசி எண்ணையே போட்டிருப்பார்கள். அதைப் பொதுவெளியில் எடுத்துப் போடுவதற்கு முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெண் எழுத்தாளர் என்றால் கேட்காமல் போடவே வேண்டாம்.