பிஸ்தி என்னும் சொல்லை எழுத்தில் பயன்படுத்தும் முறை

ஆட்டுத்தோலால் தைத்த மஷக் என்னும் பையில் நீரை நிரப்பி, அதைத் தோளில் தொங்கவிட்டுத் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் படை முகாம்களுக்கும் கொண்டுசென்று வழங்கியவரை வட இந்தியாவில் பிஸ்தி என்று அழைத்தனர். சொர்க்கத்தைக் குறிக்கும் பிஹிஷ்த் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. தாகம் தீர்ப்பவருக்கு இதைவிட உயர்ந்த பெயரைச் சூட்டிவிட முடியாது.

தமிழில் எழுதும்போது, முகலாயர் காலத்தையோ பிரிட்டிஷ் படைகளையோ பற்றிய இடங்களில் இச்சொல்லை அப்படியே எடுத்தாண்டு, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘தோற்பையில் நீர் சுமப்பவர்’ என்று விளக்கினால் போதும். எடுத்துக்காட்டாக, ‘1539ஆம் ஆண்டு சௌசாப் போரில் தோற்றுக் கங்கையில் மூழ்கவிருந்த ஹுமாயூனை நிஜாம் என்ற பிஸ்தி காப்பாற்றினார்; அதற்கு நன்றியாகப் பேரரசர் அவரைச் சிறிது காலம் அரியணையில் அமர்த்தினார்’ என்று எழுதலாம். இங்கு ‘காப்பாற்றினான்’ என்று எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அரசருக்குத் தரும் மரியாதை விகுதியை நீர் சுமந்தவருக்கும் தர வேண்டும்.

குடத்தில் நீர் எடுத்துச் செல்பவரையோ தண்ணீர் லாரி ஓட்டுநரையோ இச்சொல்லால் குறிப்பது பொருந்தாது. அவர்களுக்குத் ‘தண்ணீர் சுமப்பவர்’, ‘தண்ணீர் லாரிக்காரர்’ என்பனவே இயல்பானவை. பிஸ்தி என்பது ஒரு சமூகத்தின் பெயராகவும் வழங்குவதால், தொழிலைச் சொல்கிறோமா சமூகத்தைச் சொல்கிறோமா என்பது வாக்கியத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.