ஒரு வோல்ட்டுக்கு 40 டெசிபெல்: ஏடி603-ஐக் கட்டி ஓட்டிப் பார்ப்பது எப்படி

அல்ட்ராசவுண்ட் எதிரொலிச் சோதனைக்குச் சின்னச் சின்ன போர்டுகள் கட்டுவது என் வேலை. 2 செ.மீ. ஆழத்திலிருந்து திரும்பும் ஒலி வலுவாக இருக்கும், 10 செ.மீ. ஆழத்திலிருந்து வருவது தேய்ந்து போயிருக்கும். இரண்டும் திரையில் ஒரே உயரத்தில் தெரிய வேண்டுமானால், நூறு மைக்ரோநொடி சொச்சத்துக்குள் ஆம்ப்ளிஃபயரின் கெயின், அதாவது பெருக்கம், ஏறியாக வேண்டும். கையால் குமிழைத் திருகி நடக்கிற காரியமா அது? வோல்டேஜ் கொடுத்துக் கெயினை மாற்றும் ஆம்ப் வேண்டும். புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி603 சிப். எட்டே கால்கள், உள்ளே நடப்பதைக் காகிதத்தில் வரைந்தே புரிந்துகொள்ளலாம்.

கெயினை மாற்றும் ஆம்ப் என்றால் ஆம்பின் பெருக்கமே மாறுவதாகத் தோன்றும். இதிலோ ஆம்ப் 31.07 டெசிபெல்லில், ஏறக்குறைய 36 மடங்கில், அசையாமல் நிற்கிறது. மாற்றமெல்லாம் அதற்கு முன்னால் உள்ள ஆர்-2ஆர் ஏணியில்தான், ஆர், அதன் இருமடங்கு 2ஆர் என இரண்டே மதிப்புள்ள ரெசிஸ்டர்களால் ஆன ஏணி அது. ஒரு படி இறங்கினால் சிக்னல் பாதி, அதாவது 6.02 டெசிபெல் குறைவு. ஏழு படி இறங்கினால் 42.14. எந்தப் படியிலிருந்து சிக்னலை எடுப்பது என்பதைக் கன்ட்ரோல் வோல்டேஜ் தீர்மானிக்கிறது. இரண்டு படிகளுக்கு நடுவிலும் நிற்க முடியும் என்பதால் கெயின் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். பாரி கில்பர்ட் உருவாக்கிய இந்த அமைப்புக்கு எக்ஸ்-ஆம்ப் என்று பெயர். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்: ஆம்பின் ஃபீட்பேக்கை, அதாவது அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் பங்கை, யாரும் தொடுவதில்லை. அதனால் கெயின் எங்கே நின்றாலும் பேண்ட்விட்த் (ஆம்ப் கையாளும் அதிர்வெண் எல்லை) 90 மெகாஹெர்ட்ஸ் அப்படியே இருக்கிறது. சாதாரண ஆப்-ஆம்பில் கெயினை உயர்த்தினால் பேண்ட்விட்த் சுருங்கிவிடும்.

கணக்கு எளிது. முதல் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை 40-ஆல் பெருக்கிப் பத்தைக் கூட்டினால் கெயின், டெசிபெல்லில். வித்தியாசம் மைனஸ் 0.5 முதல் பிளஸ் 0.5 வோல்ட் வரை. அதைத் தாண்டினால் கெயின் அந்தந்த முனையில் நின்றுவிடும்.

இனி வயரிங். பிரெட்போர்டு வேண்டாம், அடியில் முழுக்கக் கிரவுண்டு செம்பு உள்ள போர்டு எடுங்கள். எட்டாம் காலுக்குப் பிளஸ் 5, ஆறாம் காலுக்கு மைனஸ் 5 வோல்ட், இரண்டுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், காலை ஒட்டியே. இரண்டாம், நான்காம் கால்கள் நேராகக் கிரவுண்டுக்கு, கன்ட்ரோல் வோல்டேஜ் முதல் காலுக்கு. ஐந்தையும் ஏழையும் இணைத்தால்தான் நான் சொன்ன 90 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். ஐந்தை விட்டுவிட்டால் உச்சக் கெயின் 51 டெசிபெல்லாகும், பேண்ட்விட்த் 9 மெகாஹெர்ட்ஸாகக் குறையும்.

சிக்னல் மூன்றாம் காலில். அதன் இன்புட் ரெசிஸ்டன்ஸ் 100 ஓம்தான். சிக்னல் ஜெனரேட்டர் 50 ஓம் என்றால் இன்னொரு 100 ஓமைக் கிரவுண்டுக்குப் போடுங்கள், பொருந்திவிடும். அவுட்புட்டான ஏழாம் காலில் நேராக 50 ஓமை மாட்டாதீர்கள். 450 ஓமைத் தொடரில் வைத்து ஆஸிலோஸ்கோப்பின் இன்புட்டை 50 ஓமில் வையுங்கள். சிப்புக்கு 500 ஓம் சுமை, ஸ்கோப்பில் பத்தில் ஒரு பங்கு தெரியும்.

கன்ட்ரோல் ஒயரில்தான் நான் ஒரு வாரத்தை இழந்தேன். கன்ட்ரோல் வோல்டேஜைத் திருகி மாற்றும் பொட்டென்ஷியோமீட்டரைப் பெட்டியின் முன்பக்கத்தில் வைத்து, ஒரு முழ நீளத்துக்குச் சாதா ஒயர் இழுத்திருந்தேன். அவுட்புட் அலையின் உயரம் மெல்ல மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. ஜெனரேட்டரைச் சந்தேகித்தேன், சப்ளையை மாற்றினேன். காரணம் ஒயரில் புகுந்த ஹம், அதாவது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். 25 மில்லிவோல்ட்டுக்கு ஒரு டெசிபெல் என்றால் 10 மில்லிவோல்ட் ஹம் 0.4 டெசிபெல் ஆட்டம். கையால் மட்டும் திருப்புவதானால் முதல் காலருகே 1 கிலோ ஓமைத் தொடரிலும் 10 மைக்ரோஃபாரடைக் கிரவுண்டுக்கும் போடுங்கள், பெருமளவு அடங்கிவிடும். வேகமாக மாற்ற வேண்டுமானால் ஷீல்டு கேபிள்தான் வழி.

இப்போது 20 மில்லிவோல்ட், 1 மெகாஹெர்ட்ஸ் கொடுத்து ஏழாம் காலின் வோல்டேஜைக் கணக்கிடுங்கள். கன்ட்ரோல் சுழியில் 63 மில்லிவோல்ட், 0.25-இல் 200, 0.5-இல் 632. மைனஸ் 0.5-இல் 6.3. இவை வந்தால் போர்டு சரி.

எதிரொலிக்கு வருவோம். மென்திசுவில் ஒலி சுமாராக ஒரு செ.மீ.க்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, அரை டெசிபெல் இழக்கும். 3.5 மெகாஹெர்ட்ஸில் 10 செ.மீ. போய்த் திரும்ப 35 டெசிபெல். நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் அதற்கு 130 மைக்ரோநொடி. ஆக, முதல் காலில் 130 மைக்ரோநொடியில் 875 மில்லிவோல்ட் ஏறும் சாய்வு அலை வேண்டும், மைனஸ் 0.4-இல் தொடங்கிப் பிளஸ் 0.475-இல் முடியட்டும்.

ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரை மாட்டுமுன் மாறாத 3.5 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்து ஸ்கோப்பைப் பாருங்கள். அலையின் விளிம்பு நாகசுரத்தின் அணைசு மாதிரி, முதலில் ஒடுங்கி முடிவில் சட்டென்று விரிய வேண்டும். நேர்கோடாக விரிந்தால் சாய்வு அலையில் கோளாறு, அதைத் திருத்திவிட்டு டிரான்ஸ்டியூசரை மாட்டுங்கள்.