விசித்திரமான ஆக்கவுரிமைக் கருவி உண்மையில் பயன்படுமா என்று அறிவது எப்படி?

பன்றியையோ குரங்கையோ வயலிலிருந்து விரட்டும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் ஆக்கவுரிமை (பேட்டன்ட், அதாவது கண்டுபிடித்தவருக்கு மட்டும் தரப்படும் உரிமை) கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், அது கட்டாயம் வேலை செய்யும் என்று வன்னியில் பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால் புதியதா, அத்துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படுத்தத் தக்கதா என்ற மூன்றையே இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கேட்கிறது. செலவுக்குத் தகுமா, ஆளுக்கு ஆபத்தில்லையா என்பதை நாமே பார்க்கவேண்டும்.

முதலில் ஆவணத்தைத் தேடி எடுங்கள். கூகிள் பேட்டன்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். படங்களில் மயங்காமல், இலக்கமிட்டு எழுதப்பட்டிருக்கும் உரிமைக் கோரிக்கைகளைப் படியுங்கள், ஏனெனில் உண்மையில் எது புதிது என்பது அங்கேதான் தெரியும். நம் தோட்டத்து வேலிகளில் இருக்கும் முட்கம்பிக்கு 1874இல் ஜோசப் கிளிடன் பெற்ற ஆக்கவுரிமையில், முள் இடம் நழுவாதபடி இரண்டாவது கம்பியைச் சேர்த்து முறுக்கியதே முக்கியமான புதுமை. சிறிய மாற்றந்தான், ஆனால் யாருக்கு என்ன குறை தீர்கிறது என்பது ஒரே வரியில் விளங்குகிறது. அந்த ஒரு வரியை உங்களால் எழுத முடியாத கருவியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஊஞ்சலைப் பக்கவாட்டில் ஆட்டும் முறைக்கு 2002இல் அமெரிக்காவில் உரிமை வழங்கப்பட்டு, மறுஆய்வில் அது நீக்கப்பட்டது. உரிமையைத் தொடர்ந்து வைத்திருக்கச் செலுத்தவேண்டிய பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் கைவிடப்பட்டவையும் உண்டு. உரிமையாளரே பணம் கட்ட விரும்பாதது கவனிக்கத்தக்க அறிகுறி.

எல்லாவற்றிலும் முக்கியமாக, தவறான உயிர் அகப்பட்டால் என்னாகும் என்று கேளுங்கள். 1882இல் டெக்சாஸைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்லியம்ஸ் 269766ஆம் இலக்க ஆக்கவுரிமையைப் பெற்றார்: வளை தோண்டும் விலங்கு மிதித்ததும் கைத்துப்பாக்கி வெடிக்கும் பொறி அது. கதவிலோ சன்னலிலோ பொருத்தி, திறப்பவரைக் கொல்லவும் பயன்படுத்தலாம் என்று ஆவணமே சொல்கிறது. புதுமை என்ற அளவில் அது தேறியது. ஆனால் நமக்கு அது கட்டுத்துவக்கு, அதாவது விலங்கு தட்டினால் தானே வெடிக்கும்படி காட்டில் கட்டிவைக்கும் துப்பாக்கி. விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் காட்டுக்குள் போனவர்கள் கட்டுத்துவக்கில் அகப்பட்டுக் கால் இழந்ததையும் உயிர் இழந்ததையும் வன்னி அறியும். சட்டமும் அதைத் தடைசெய்கிறது. மிதிப்பது பன்றியா பிள்ளையா என்று பிரித்தறியாத எந்தப் பொறியையும், எத்தனை முத்திரை குத்தப்பட்டிருந்தாலும், பயனற்றது என்றே ஒதுக்கவேண்டும்.

இவற்றைத் தாண்டிய கருவி கிடைத்தால், ஆக்கவுரிமை அந்தந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும் என்பதையும், இலங்கையில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளில் முடியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இங்கே பதியப்படாத அல்லது காலாவதியான கருவியை உங்கள் ஊர் வெல்டிங் கடையிலேயே செய்விக்கலாம். விற்கும் எண்ணமிருந்தால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். வரைபடத்தை வெல்டிங் செய்பவரிடம் காட்டி, எந்தப் பாகம் முதலில் தேயும், அது கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா என்று கேட்டுவிட்டே இரும்பு வாங்குங்கள்.