‘நானும் ஒரு கேரர்’ என்று சொல்லப் பழகுங்கள்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ‘கேரர்’ என்றால் வயோதிபர் இல்லத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்றே நினைத்திருந்தேன். பாரிசவாதம் வந்த மாமியை ஏழு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். குளிக்க வார்ப்பது, சாப்பாடு தீத்துவது, இரவில் இரண்டு தரம் எழும்பித் திருப்பிப் படுக்க வைப்பது. எங்கள் வீட்டில் இதற்குக் கடமை என்று பெயர். இந்த நாட்டுக் காகிதங்களில் இதைச் செய்பவரும் கேரர்தான். அந்தச் சொல்லை வாய் திறந்து சொல்ல எனக்கு நாலு வருடம் பிடித்தது.

முதலில் ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப டொக்டரிடம் சொல்லுங்கள். உங்களைக் கேரர் என்று பதியச் சொன்னால் உங்கள் கோப்பில் ஏறிவிடும். குளிர்காலத்து ஃப்ளூ ஊசியும் இலவசம்.

அடுத்தது கவுன்சில், அதாவது உங்கள் உள்ளூராட்சிச் சபை. 2014ஆம் ஆண்டுக் கேர் சட்டப்படி உங்களுக்கென்றே ‘கேரர்ஸ் அசெஸ்மென்ட்’, அதாவது பார்த்துக்கொள்ளும் உங்களுக்கு என்ன உதவி தேவை என்ற மதிப்பீடு, கேட்கலாம். காசு கட்டத் தேவையில்லை. நீங்கள் பார்க்கும் ஆள் ‘எனக்கு வெளியாள் உதவி வேண்டாம்’ என்று அடம்பிடித்தாலும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

நாங்கள் கோட்டை விடுவது இங்கேதான். அசெஸ்மென்டுக்குக் கவுன்சில் அதிகாரி வந்ததும் தேத்தண்ணி கொடுத்து, ‘பரவாயில்லை, சமாளிக்கிறன்’ என்று சிரிப்போம். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அதுதான் நடந்தது. இரண்டாம் தரம் ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறித்து வைத்தேன்: எத்தனை மணிக்கு எழும்பினேன், எத்தனை தரம் தூக்கினேன், எந்த டொக்டர் சந்திப்பைத் தவறவிட்டேன். அதைக் காட்டிய பிறகுதான், நான் வெளியே போய்வர வாரத்தில் சில மணி நேரம் மாமியுடன் இருக்க ஆள் கிடைத்தது. உங்கள் மோசமான நாளைச் சொல்லுங்கள். மாமிக்கு முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகப் பேசக் கேளுங்கள்.

காசு விஷயத்தில் விசாவை முதலில் பாருங்கள். ‘பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரச உதவிப் பணம்) எடுக்கக்கூடாது என்று இருந்தால் கேரர்ஸ் அலவன்ஸ் (பார்ப்பவருக்கான கொடுப்பனவு), அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (பார்க்கப்படும் முதியவருக்கான கொடுப்பனவு) இரண்டுக்கும் கைவைக்க வேண்டாம். மேலே சொன்ன அசெஸ்மென்ட் அந்தப் பட்டியலில் இல்லை, பயமின்றிக் கேட்கலாம்.

தடையில்லாதவர்கள், ஓய்வூதிய வயதைத் தாண்டிய பெற்றோருக்கு முதலில் அட்டென்டன்ஸ் அலவன்ஸைப் பாருங்கள். அதற்குச் சொத்தோ வருமானமோ பார்ப்பதில்லை. கேரர்ஸ் அலவன்ஸுக்கு வாரம் 35 மணி நேரமாவது பார்க்க வேண்டும். பார்க்கப்படுபவருக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் போன்ற ஒரு கொடுப்பனவு இருக்கவும் வேண்டும். 2025 ஏப்ரலில் கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 பவுண். இரவு பகலாகப் பார்ப்பதற்கு இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே கேள்விதான். வேலைக்குப் போகிறவர்கள் கவனம்: அதே ஏப்ரலில் வருமான வரம்பு வாரம் 196 பவுண். ஒரு பவுண் கூடினாலும் அந்த வாரத்துக் காசு முழுவதும் போய்விடும். தெரியாமல் வாங்கினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நீங்கள் இதை எடுப்பதால் பெற்றோரின் வேறு கொடுப்பனவு குறையவும் கூடும். ஆகவே ஃபோம் நிரப்ப முன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை நிறுவனத்தில் ஒரு தரம் கேளுங்கள். கேரர்ஸ் யூகே என்ற தொண்டு நிறுவனமும் ஆலோசனை சொல்லும்.

வேலையிடத்திலும் சொல்லி வையுங்கள். 2024 ஏப்ரல் 6 முதல், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு கிழமை கேரர் லீவு உண்டு. சம்பளம் இல்லாத லீவுதான்.

இன்னொன்று. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மறித்து, ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். அம்மம்மாவின் மலச்சிக்கலையும் புற்றுநோய்ச் செய்தியையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்த்ததைக் கண்டிருக்கிறேன். சந்திப்புக் கடிதம் வந்ததுமே அதிலுள்ள எண்ணுக்கு அழைத்து, ‘தமிழ் இன்டர்பிரட்டர்’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அதற்கும் காசில்லை.