பிள்ளை தவழுதா? முதலில் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்

பிள்ளை தவழத் தொடங்கியதும் பிளக் பாயிண்டை அடைக்கத்தான் எல்லோரும் ஓடுவோம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் பாம்பன், மண்டபம் பக்கத்து வீடுகளில் நான் அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு. நல்ல தண்ணீர் வரும்போது குடம், வாளி, டப் என்று கிடைத்ததில் எல்லாம் பிடித்து வைப்போம். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. 5 செ.மீ. தண்ணீரே போதும், சத்தமும் கேட்காது. டிரம்முக்கு இறுக்கமான மூடி போடுங்கள். காலி வாளியைக் கவிழ்த்துவிடுங்கள்.

திண்ணையில் வலை வேலை நடக்கும் வீடென்றால் தூண்டில் முள், நைலான் நரம்புத் துண்டு, ஈயக் குண்டு எல்லாம் தரையில் சிதறும். பெருக்கிய பிறகு ஒரு காந்தத்தைத் தரையில் ஓட்டுங்கள், முள் ஒட்டிக்கொள்ளும். ஈயம் ஒட்டாது, அதைக் கண்ணால்தான் தேட வேண்டும். வாயில் போனால் விஷம்.

படகு டீசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நீங்களும் ஒருமுறை வீட்டைச் சுற்றித் தவழ்ந்து பாருங்கள். மாமியார் சிரிப்பார், சிரிக்கட்டும். எனக்குக் கட்டிலடியில் மூன்று சோழி கிடைத்தது.